தேறாத ஜோடி

முப்பத்தொரு வருஷத் தையலில் டெய்லரக்கா ஒரு தடவைகூட ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்ததில்லை. அப்படித் தைத்தவர்களைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால், ஏதோ கொலைக் குற்றவாளிகளைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தோன்றும். அப்பேர்ப்பட்டவள் தன் ஐம்பத்திரண்டாவது வயதில், சொந்தத் தங்கையின் இரும்புப் பட்டறையில், எல்லார் கண் முன்னாலும், பதினேழாவது தடவையாக அதே ரகத் தப்பைச் செய்துவிட்டுக் கையில் குறடோடு நின்றாள். குறட்டின் நுனியில் புகைந்துகொண்டிருந்தது ஒரு சின்ன இரும்பு இதயமாக வந்திருக்க வேண்டும். வந்திருந்தது எஸ் என்ற ஆங்கில எழுத்து.

"என்னக்கா, இன்னொரு எஸ்ஸா?" என்றான் சம்மட்டி.

பட்டறையில் பெரிய சுத்தியல் அடிப்பவனுக்கு அதுதான் பெயர். ஆள் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்பான். குரல் மட்டும் கொசு பாடுவதுபோல் இருக்கும்.

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

"இல்லக்கா, இன்னும் நாலு சேர்ந்தா ஒரு ஜன்னல் கிரில்லுக்கு ஆகும். அதுக்குத்தான் கேட்டேன்."

டெய்லரக்கா எஸ்ஸைத் தண்ணீர் வாளியில் போட்டாள். அது உஸ்ஸென்று சீறியது. அவளும் சீறினாள்.

தையல் மெஷினை விட்டு அவள் இங்கே வந்து சேர்ந்த கதை சின்னதுதான். போன வருஷம் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் ஊசி அவளுடைய வலது ஆட்காட்டி விரலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. புண் ஆறியது. ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி செத்துப்போனது. இனி திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரலில் பிடித்திருப்பது ஒரு மடிப்புத் துணியா இரண்டு மடிப்பா என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் வாடிக்கையாளரின் கால்சட்டையோடு தன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்து நடக்கப் பார்த்து, மெஷினோடு இழுபட்டாள். மறுநாள் கடையை மூடினாள்.

வீட்டில் ஆறு மாதம் இருந்தாள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஆறு வருஷம். அலமாரியை மூன்று தடவை கலைத்து அடுக்கினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுடைய வீட்டுக்காரர் குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் அவருடைய துண்டை மடித்து உள்ளே வைத்துவிடுவாள். "ஒண்ணு நீ ஏதாவது வேலைக்குப் போ, இல்லேன்னா நான் வேன்லயே குடியிருந்துக்கிறேன்" என்று அவர் ஈரத்தோடு நின்று கெஞ்சினார்.

தங்கையிடம் போனாள். சின்னவள் பதினெட்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறாள். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று கைக்கு ஓய்வில்லாத வேலை. அக்கா வந்து நின்றதும் அவள் முதலில் காட்டியது போன் இருக்கும் மேஜையை.

"போனை எடுக்க நான் எதுக்கு? சுத்தியல் பிடிக்க விரல் நுனி வேணுமா?"

"நுனி வேண்டாம். கைதான் வேணும்."

"கை இருக்கு."

சின்னவள் போனை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இங்க ஒரு ரூல் இருக்குக்கா. எல்லாருக்கும் அதுதான். சம்மதமா?"

ரூல் இதுதான். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், ஒரே நீளத்தில் வெட்டிய இரண்டு கம்பிகளில் இரண்டு இதயம் செய்ய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மேலிருந்து பார்த்தால் கீழே இருப்பது எங்கேயும் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படி ஒரு ஜோடி தேறினால் உலையில் நிரந்தர இடம். ஆறு வாரத்துக்குள் தேறவில்லையென்றால் வாசல் பக்கம் மூன்று மாதம் பெயிண்ட் அடிக்க வேண்டும். பிறகு விருப்பமிருந்தால் மறுபடி முதலிலிருந்து. பெயிண்ட் பக்கம் போனவர்களில் இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. ரோஷப்பட்டு ஒரே வாரத்தில் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். டெய்லரக்காவுக்கு வேறு வேலை கிடையாது. வீடுதான் இருந்தது, அலமாரியும் துண்டும்தான் இருந்தன.

ஒரு சாண் கம்பியில் என்ன பெரிய வித்தை இருந்துவிடப் போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். கம்பியின் இரண்டு முனைகளையும் காய்ச்சி, அடித்து, கூராக்க வேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் சுருட்ட வேண்டும். கடைசியில் நட்டநடுவைக் காய்ச்சி மடக்கினால், இரண்டு சுருளும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு வந்து உட்காரும். அதுதான் இதயம். சின்னவள் இதை ஒரு டீ ஆறுவதற்குள் செய்து காட்டினாள்.

முதல் வாரம் டெய்லரக்கா நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறித்தாள். உலைக்குள் போய் வந்ததும் குறியைக் காணோம். மறுபடி குறித்தாள். மறுபடி காணோம். சின்னவள் வந்து உளி முனையால் ஒரு சின்னப் புள்ளி குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். அளவெடுக்காமல் அவளால் அடிக்க முடியாது. டேப்பை எடுத்து, கண்ணாடி போட்டு, குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் இரும்பு கறுத்துவிடும். கறுத்த இரும்பை அடித்தால் சுத்தியல்தான் எகிறும். துணி காத்திருக்கும், எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். இந்தச் சனியன் பத்து மூச்சு காத்திருக்க மாட்டேன் என்றது.

இரண்டாம் வாரம் அந்த அவசரத்தில் கம்பியை அதிகமாகக் காய்ச்சினாள். மத்தாப்புபோலப் பொறி பறந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே எடுத்தபோது கூராக்கிய முனை எரிந்து உதிர்ந்திருந்தது, ஒரு காலை நேரத்து உழைப்பும் அதோடு போனது.

மூன்றாம் வாரத்தில்தான் எஸ் ஆரம்பித்தது. ஒரு முனையைச் சுருட்டி முடித்தவுடன் கம்பியின் மறுமுனையை உலைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் கம்பியைப் படுத்தபடியே அரை வட்டம் சுற்றிப் பிடிப்பார்கள். டெய்லரக்காவோ புரட்டிவிடுவாள். ஒரு பக்கம் தைத்து முடித்தால் துணியைப் புரட்டிப்போட்டு அடுத்த பக்கத்தை ஊசிக்குக் கொண்டுவருவது முப்பத்தொரு வருஷமாக அவள் கையில் ஊறிய பழக்கம். மூளைக்குச் சொல்லாமலே கை அதைச் செய்தது. புரட்டிய கம்பியில் இரண்டாவது சுருள் எதிர்ப் பக்கமாகத்தான் விழும். அடித்து முடித்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

பதினேழாவது எஸ்ஸுக்குப் பிறகு அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று ஆத்திரமும் வந்தது. கல்யாணக் கோட்டு தைத்துக் கொடுத்தால் மாப்பிள்ளையைவிட அவளைத்தான் எல்லாரும் தேடி வந்து பாராட்டுவார்கள். இங்கே சம்மட்டி கிண்டல் பண்ணுகிறான். அதைவிட மோசம், தங்கை கிண்டல் பண்ணுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் வந்து எஸ்ஸைப் பார்த்துவிட்டு, இன்னொரு கம்பியை எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

அந்தத் தங்கைக்குத் தலை வாரிவிட்டது யார், வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தது யார்? ஏழாம் வகுப்பு தையல் பரீட்சைக்குச் சின்னவள் துணியில் நூலால் ஒரு வாத்து போட்டிருந்தாள். பார்க்கக் கெட்டில் மாதிரி இருந்தது. டெய்லரக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ராத்திரி சின்னவள் தூங்கியதும் உட்கார்ந்து, விடிவதற்குள் அத்தனை நூலையும் பிரித்தெடுத்து, அதே துணியில் வாத்தை வாத்தாகவே போட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள். முதல் பரிசு கிடைத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். இன்றைக்கும் டெய்லரக்காவின் முன்னறையில் அது தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்கு முன்னால் வாத்துக் கதை வந்துவிடும். சின்னவள் அந்த வீட்டுக்கு வந்தால் வாத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம்.

நான்காம் வாரம் டெய்லரக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தடவை முனை மாற்றும்போதும் "புரட்டாதே, சுத்து" என்று வாய்விட்டே சொன்னாள். இரண்டு நாளில் பட்டறையே அதைச் சொல்ல ஆரம்பித்தது. அவள் கம்பியை உலையிலிருந்து எடுத்தால் போதும், சம்மட்டி கொசுக் குரலில் "புரட்டாதே, சுத்து" என்பான். எரிச்சலாக இருந்தது. ஆனால் எஸ் நின்றுவிட்டது. இதயம் வந்தது. ஒன்று குண்டாக, ஒன்று ஒல்லியாக, ஒன்று தோளைத் தூக்கிக்கொண்டு. ஜோடி மட்டும் வரவே இல்லை. ஐந்தாவது வாரமும் அப்படியே கரைந்தது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவள் விட்டுவிட்டுப் போன இரண்டில் ஒன்று நல்ல இதயம். இன்னொன்றின் இடது தோள் கொஞ்சம் புடைத்திருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு கெடு முடிகிறது.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டறைக்கல்லின் மேல் இருந்தன. கீழே இருப்பது எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை.

"நேத்து நீ பண்ணதுதான். சூட்டுல உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றாள் சின்னவள். பார்வை உலையின் மேல் இருந்தது.

சம்மட்டி கை தட்டினான். "அக்கா பாஸு!" என்று வாசல் வரை போய்க் கத்தினான். டெய்லரக்காவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "உங்க துண்டு தப்பிச்சுது" என்றாள். ஒரு மணி நேரம் அவள் கால் தரையில் படவில்லை.

பிறகு பழக்க தோஷத்தில் மேலே இருந்த இதயத்தைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டு, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். தைத்து முடித்த துணியை அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

உணர்ச்சியில்லாத விரல் பிடியில் சரியாக அமராததால் அவள் அடிக்கும் சுத்தியல் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் விழும். அடித்த இடமெல்லாம் நகம் பதிந்தாற்போல் பிறைத் தழும்பு இருக்கும். இந்த இதயத்திலும் இருந்தது, வலது தோளில், முனையில், நடு மடிப்பில். இடது தோளில் மட்டும் ஒரு பிறைகூட இல்லை. அங்கே சுத்தியல் நேராக, தட்டையாக, தயக்கமில்லாமல் விழுந்திருந்தது. ஒரே துணியில் வேறு கை தைத்த இரண்டு அங்குலத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு விரல் நுனி தேவையில்லை.

நேரே சின்னவளிடம் போனாள்.

"இது நான் பண்ணது இல்ல."

"உன்னோடதுதான்க்கா."

"பொய் சொல்லாதே. பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும், சின்ன வயசுலேர்ந்தே."

சின்னவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "நீ போனப்புறம் காய்ச்சி ரெண்டு தட்டு தட்டினேன். ரெண்டே ரெண்டு. நீ வாசல்ல உக்காந்து பெயிண்ட் அடிக்கிறதை என்னால பாக்க முடியாது."

"யாருடி உன்னைக் கேட்டா?" பட்டறையில் எல்லாச் சத்தமும் நின்றது. "எனக்குத் தெரியாம என் வேலையில கை வைக்க உனக்கு யாரு உரிமை குடுத்தது? அவன் கை தட்டுறான், நான் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். நாளைக்கு இன்னொரு ஜோடி பண்ணிக் காட்டுன்னு யாராவது சொன்னா எந்த மூஞ்சிய வச்சுட்டு நிப்பேன்?"

சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை.

"நான் முப்பத்துமூணு வருஷமா நிக்கிறேன்."

"எங்க?"

"உன் வீட்டு முன்ரூம்ல. அந்த வாத்துக்கு முன்னாடி."

டெய்லரக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "அது கெட்டில் மாதிரி இருந்துச்சுடி!"

"இருந்துச்சு. என் கெட்டில் அது."

"ஃபெயில் போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டும். நான் பண்ணதுக்குப் போட்டிருப்பாங்க. பையைத் திறந்தா உள்ள வேற வாத்து. மேடையில ஏத்திக் கை தட்டினாங்க. டீச்சர் இன்னொண்ணு போடச் சொல்லிடுவாங்களோன்னு அந்த வருஷம் பூரா தையல் கிளாசுல கடைசி பெஞ்சுல ஒளிஞ்சு உக்காந்தேன். ஏன் இரும்புக்கு வந்தேன்னு எல்லாரும் கேக்குறாங்களே, இரும்புல நான் போட்டதை உன்னால பிரிக்க முடியாதுன்னுதான் வந்தேன்." கீழே வைத்த சுத்தியலை எடுத்து மறுபடி வைத்தாள். "கடைசியில நானும் அதையே பண்ணிட்டேன். காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல."

டெய்லரக்காவுக்குக் கோபம் அப்படியே இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உலைக்குப் போய், சின்னவள் தட்டிய இதயத்தைக் குறட்டால் பிடித்து நெருப்பின் நடுவில் வைத்தாள். சிவந்ததும் எடுத்து, பட்டறைக்கல்லில் வைத்து, இடது தோளைத் தன் பிறைத் தழும்பு விழ விழத் தட்டையாக அடித்துத் தூர எறிந்தாள்.

"நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் இருக்குல்ல?"

"இருக்கு."

"மத்தவங்களைப் பாக்குற மாதிரி பாரு. அக்கான்னு பாத்தே, அப்புறம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

சனிக்கிழமை அவள் சாப்பிடவில்லை, உட்காரவில்லை. "புரட்டாதே, சுத்து" என்று அவள் முணுமுணுத்தபோது சம்மட்டிகூடச் சேர்ந்து சொல்லவில்லை. ஆறு கம்பி வீணானது. ஏழாவதும் எட்டாவதும் கிட்டத்தட்ட வந்தன. மதியத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டையும் தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, சின்னவளின் முன்னால் வைத்தாள்.

சின்னவள் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். மேலிருந்து பார்த்தாள். திருப்பி வைத்தும் பார்த்தாள். இடது தோளில் கீழே இருந்த இதயம் அரை விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது.

"தேறாது" என்றாள் சின்னவள்.

அந்த வார்த்தையை டெய்லரக்காவிடம் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. தேறாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நெஞ்சில் குத்தியது. அரை விரல்தானே, உன் சம்மட்டி அடிக்கிற கேட்டெல்லாம் ரொம்ப ஒழுங்கா, என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நாற்காலி போட்டு ஏறி வாத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். சட்டத்தைக் கழற்றித் துணியை வெளியே எடுத்தாள். தையல் பிரிக்கும் குட்டிக் கத்தரியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"வாத்து என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"வாத்து மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பேப்பரைப் படிங்க."

அரை மணி நேர வேலைதான். மரத்த விரலோடு மதியம் தாண்டிவிட்டது. கத்தரி நுனி விரலில் குத்தியதுகூட, துணியில் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அலகு போனது, கால் போனது, இறக்கை போனது. கடைசி நூலையும் உருவிவிட்டுத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

முரட்டுத் துணி அது. ஊசி போன ஓட்டையெல்லாம் அப்படியே இருந்தது. அவளுடைய ஓட்டைகள் நெருக்கமாக, ஒரே அளவாக, பொடிப் பொடியாக. அவற்றுக்கு இடையில் வேறு வரிசை ஒன்று. பெரிய ஊசி, பெரிய ஓட்டை, அங்கங்கே தடுமாறி, ஓரிடத்தில் தப்பாகப் போய்விட்டுத் திரும்பி வந்து, விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது. ஒரு பக்கம் கைப்பிடி, ஒரு பக்கம் மூக்கு. சந்தேகமே இல்லை, கெட்டில்தான்.

பன்னிரண்டு வயதுப் பெண் எத்தனை நாள் உட்கார்ந்து போட்டாளோ. அதைக் கேட்க வேண்டும் என்று இந்த முப்பத்துமூன்று வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. டெய்லரக்கா துணியை மடியில் விரித்து, அந்தப் பெரிய ஓட்டைகளை மூக்கிலிருந்து கைப்பிடி வரை ஒவ்வொன்றாக எண்ணினாள். வீட்டுக்காரர் பேப்பருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, காபி போடத் தாமே எழுந்து போனார்.

திங்கட்கிழமை அவள் பட்டறைக்கு வந்தபோது சின்னவள் உலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கை நின்றது. வரமாட்டாள் என்று நினைத்திருக்கிறாள்.

டெய்லரக்கா துணியை அவள் கையில் கொடுத்தாள். சின்னவள் பிரித்துப் பார்த்தாள். வெறும் துணி. நடுவில் ஒரு ரத்தப் பொட்டு. பெருவிரலால் மெதுவாகத் தடவினாள். தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என் ஓட்டை."

"ஆமா. எல்லாம் இருக்கு. மூக்குகூட இருக்கு."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உலையின் புகையைக் குறை சொன்னாள். உலையில் இன்னும் புகையே வரவில்லை.

"பெயிண்ட் டப்பா எங்க இருக்கு?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

"வாசல் ஷெட்டுல." சின்னவள் தீக்குச்சியைக் கீழே போட்டாள். "மூணு மாசம்க்கா. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து."

"தெரியும்."

"மறுபடி எஸ்ஸா வந்தாலும் நான் தொட மாட்டேன்."

"தொட்டுத்தான் பாரேன், கையை ஒடிச்சிடுறேன்."

சின்னவள் துணியை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். டெய்லரக்கா வாசலுக்குப் போய், பிரஷை எடுத்துக்கொண்டு, முதல் கிரில்லைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் நாற்பது இதயம் இருந்தது. ஒன்றுகூட அவளுடையது இல்லை.